தெருவில் கழிவுநீர் நின்றால் யாரைக் கேட்பது? கவுன்சிலர், எம்.எல்.ஏ., எம்.பி... யாருக்கு என்ன அதிகாரம்? வண்ணாரப்பேட்டையை வைத்து ஒரு விளக்கம்

தெருவில் கறுப்புத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. கவுன்சிலரிடம் சொன்னால், "அது மெட்ரோ வாட்டர் வேலைம்மா" என்கிறார். மெட்ரோ வாட்டரில் கேட்டால், "மழைநீர் வடிகால்ல அடைப்பு, கார்ப்பரேஷன்ல சொல்லுங்க" என்று பதில் வருகிறது. எம்.எல்.ஏ. ஆபீஸில் மனுவை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். தண்ணீர் மட்டும் அப்படியே நிற்கிறது.

வடசென்னையில் வாழும் பலருக்கும் இந்த அலைச்சல் புதிதல்ல. ஓட்டு போட்டோம், வரி கட்டினோம், அப்புறம் ஏன் ஒரு சின்ன வேலைக்கு இத்தனை கதவு தட்ட வேண்டியிருக்கு? எந்தக் கதவுக்குள் எந்த அதிகாரம் இருக்கிறது? வண்ணாரப்பேட்டையை வைத்தே பார்க்கலாம்.

ஒரே தெரு, மூன்று அரசுகள்

வண்ணாரப்பேட்டையில் குடியிருக்கும் ஒருவருக்கு ஒரே நேரத்தில் மூன்று மக்கள் பிரதிநிதிகள் இருக்கிறார்கள்.

முதலாமவர், மக்களவை உறுப்பினர். வண்ணாரப்பேட்டை வடசென்னை மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. தமிழ்நாட்டின் 39 எம்.பி.க்களில் ஒருவர் இந்தத் தொகுதிக்காக டெல்லியில் பேசுகிறார்.

இரண்டாமவர், சட்டமன்ற உறுப்பினர். இங்கேதான் பலருக்குக் குழப்பம். வண்ணாரப்பேட்டையின் ஒரு பகுதி ராயபுரம் தொகுதியிலும், இன்னொரு பகுதி ஆர்.கே. நகர் தொகுதியிலும் இருக்கிறது. எதிரெதிர் தெருவில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு வேறு வேறு எம்.எல்.ஏ. இருக்க வாய்ப்பு உண்டு. மொத்தம் 234 எம்.எல்.ஏ.க்கள் கோட்டையில் இருக்கும் சட்டமன்றத்தில் உட்கார்ந்து மாநிலத்துக்கான சட்டங்களை இயற்றுகிறார்கள்.

மூன்றாமவர், மாமன்ற உறுப்பினர். நாம் கவுன்சிலர் என்று கூப்பிடுபவர். சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள், 200 கவுன்சிலர்கள். 2011-ல் அம்பத்தூர், திருவொற்றியூர், மணலி என்று புறநகர்கள் இணைக்கப்பட்டபோது, 155 ஆக இருந்த வார்டுகள் 200 ஆனது. வண்ணாரப்பேட்டை வட்டாரத்து வார்டுகள் தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டலங்களுக்குள் பிரிந்து வருகின்றன.

இந்த மூவரில் யார் பெரியவர் என்பதைவிட, யாரிடம் எந்த வேலை இருக்கிறது என்பதுதான் தெரிந்துகொள்ள வேண்டியது.

எந்த வேலை யாரிடம்?

மாநகராட்சி: குப்பை அள்ளுவது, தெரு விளக்கு, மழைநீர் வடிகால், உட்புறச் சாலைகள், பூங்கா, விளையாட்டுத் திடல், கொசு ஒழிப்பு, பொதுக் கழிப்பறை, மாநகராட்சிப் பள்ளிகள், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள், பிறப்பு - இறப்புச் சான்றிதழ், சொத்து வரி.

மாநில அரசும் அதன் வாரியங்களும்: குடிநீர், பாதாளச் சாக்கடை (மெட்ரோ வாட்டர்), மின்சாரம், ரேஷன் கடை, போலீஸ், எம்.டி.சி. பஸ், பட்டா - வருவாய்ச் சான்றிதழ்கள், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புகள், ஸ்டான்லி மருத்துவமனை.

மத்திய அரசு: ரயில்வே, துறைமுகம், தபால், பாஸ்போர்ட், ஜி.எஸ்.டி.யின் ஒரு பங்கு, வருமான வரி.

இரண்டும் சேர்ந்தது: மெட்ரோ ரயில். சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம் மத்திய அரசும் மாநில அரசும் சமபங்கு போட்டு நடத்தும் நிறுவனம். 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை வரை வந்த ரயில், 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்டது.

இந்தப் பட்டியலில் முக்கியமான ஒன்றைக் கவனிக்க வேண்டும். மழைத் தண்ணீர் போகும் கால்வாய் மாநகராட்சியுடையது. வீட்டுக் கழிவுநீர் போகும் குழாய் மெட்ரோ வாட்டருடையது. தெருவில் இரண்டும் ஒன்றாகக் கலந்து நிற்கும்போது, பொறுப்பும் கலந்து போகிறது. பந்து இந்த ஆபீஸுக்கும் அந்த ஆபீஸுக்கும் போய் வருவது அதனால்தான்.

கவுன்சிலர் சொன்னா நடக்காதா?

நம் வீட்டுக்கு மிக அருகில் இருக்கும் பிரதிநிதி கவுன்சிலர். டீக்கடையில் பார்க்கலாம், கல்யாண வீட்டில் பார்க்கலாம். ஆனால் குடிநீருக்கும் சாக்கடைக்கும் அவரால் நேரடியாக உத்தரவு போட முடியாது. மெட்ரோ வாட்டர் மாநில அரசின் வாரியம். மேயருக்குக் கீழே வருவதல்ல.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1978 வரை சென்னையின் குடிநீரும் கழிவுநீரும் மாநகராட்சியின் கையில்தான் இருந்தன. அந்த ஆண்டு தனிச் சட்டம் கொண்டுவந்து, தனி வாரியம் உருவாக்கப்பட்டது. நகரம் பெரிதாகிறது, தொழில்நுட்ப வேலைக்குத் தனி அமைப்பு வேண்டும் என்பது அதற்கான வாதம். அதற்கு ஒரு விலையும் இருந்தது. ஓட்டு போட்டுத் தேர்ந்தெடுத்தவரின் கையிலிருந்து ஒரு முக்கியமான அதிகாரம் போய்விட்டது.

1993 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த அரசியல் சாசனத்தின் 74-வது திருத்தம் இதைத் திருப்பிப் போடப் பார்த்தது. நகராட்சிகளுக்கும் மாநகராட்சிகளுக்கும் அரசியல் சாசன அந்தஸ்து கொடுத்தது. 12-வது அட்டவணையில் 18 வேலைகளைப் பட்டியலிட்டது. குடிநீர், கழிவுநீர், நகரத் திட்டமிடல், குடிசைப் பகுதி மேம்பாடு எல்லாம் அதில் உண்டு. ஆனால் அந்த வேலைகளை மாநில சட்டமன்றம் உள்ளாட்சிக்கு 'வழங்கலாம்' என்றுதான் சாசனம் சொல்கிறது. வழங்கியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. அந்த ஒரு வார்த்தைக்குள்தான் மாநகராட்சிகளின் பலமும் பலவீனமும் அடங்கியிருக்கிறது.

கவுன்சிலர் பதவிக்கு மாத மதிப்பூதியம் வந்ததே சமீபத்தில்தான். 2023 ஜூலை முதல் மாநகராட்சி கவுன்சிலர்களுக்கு மாதம் 10,000 ரூபாய் வழங்க அரசு முடிவு செய்தது. தொகுதி மேம்பாட்டு நிதியைப் பாருங்கள்: எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய், தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வுக்கு 3 கோடி ரூபாய். தெருவுக்கு மிக அருகில் இருப்பவரிடம் கேள்விகள் அதிகம், கையிருப்பு குறைவு.

வால்டாக்ஸ் ரோடு சொல்லும் வரிக் கதை

வரி கட்டுபவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு என்பது ஜனநாயகத்தின் பழைய பாடம். அந்தப் பாடத்துக்கு வண்ணாரப்பேட்டைக்குப் பக்கத்திலேயே ஒரு சாலை பெயராக நிற்கிறது.

கிழக்கிந்திய கம்பெனியின் துணி வியாபாரத்துக்காகத் துணி வெளுப்பவர்கள் குடியேறிய இடம் வண்ணாரப்பேட்டை. 18-ம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் படை முற்றுகையும், ஹைதர் அலி குதிரைப் படையின் வரவும் கம்பெனியைப் பயமுறுத்தின. அன்றைய கறுப்பர் நகரத்தைச் சுற்றி, அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனின் வடக்கிலும் மேற்கிலும் பெரிய மதில் எழுப்பப்பட்டது. மதில் உங்களைக் காப்பாற்றத்தானே, செலவை நீங்களே கொடுங்கள் என்று உள்ளே குடியிருந்தவர்கள் மீது வரி போட கம்பெனி நினைத்தது. அந்த வரி கடைசி வரை வசூலாகவில்லை. 'வால் டாக்ஸ்' என்ற பெயர் மட்டும் சாலையில் ஒட்டிக்கொண்டது. மதிலின் மிச்சத்தை ஓல்டு ஜெயில் ரோட்டில் இன்றும் பார்க்கலாம். மேலே பூங்கா இருப்பதால் அதற்கு மாடிப் பூங்கா என்று பெயர்.

அன்று வரி போட நினைத்தவர்களை ஊர் மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. இன்று சொத்து வரியை உயர்த்தும் தீர்மானம் மாமன்றத்துக்கு வந்தாக வேண்டும். 2022 ஏப்ரலில் சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 50 சதவீதமும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 150 சதவீதமும் வரி உயர்வு அறிவிக்கப்பட்டது. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், அந்தத் தீர்மானத்தின்போது உங்கள் வார்டு கவுன்சிலர் கை தூக்கினாரா, எதிர்த்தாரா என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. இரண்டு காலத்துக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

தேர்ந்தெடுக்கப்பட்டவர் வந்தால் என்ன மாறும் என்பதற்கும் இந்த வட்டாரத்திலேயே உதாரணம் உண்டு. பழைய வண்ணாரப்பேட்டையில் கல்லூரிக்குப் பெயராக நிற்கும் சர் பிட்டி தியாகராயர், சென்னை மாநகராட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவர். நீதிக்கட்சியை உருவாக்கிய தலைவர்களில் ஒருவர். அவர் தலைவராக இருந்தபோதுதான், 1920-ல், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கும் தீர்மானம் நிறைவேறியது. தமிழ்நாட்டின் சத்துணவுக் கதை கோட்டையில் தொடங்கவில்லை. மாநகராட்சி மன்றத்தில் தொடங்கியது.

மன்றமே இல்லாத ஆண்டுகள்

சென்னை மாநகராட்சி தொடங்கியது 1688 செப்டம்பர் 29-ல். அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பரில் அதற்கான சாசனம் கையெழுத்தானது. இவ்வளவு பழைய மாநகராட்சியில், சுதந்திரத்துக்குப் பிறகு தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாத நீண்ட காலங்கள் இருந்தன.

முதல் இடைவெளி: 1973 டிசம்பரில், மஸ்டர் ரோல் ஊழல் புகாரை அடுத்து மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996 அக்டோபரில்தான் நடந்தது. ஏறத்தாழ 23 ஆண்டுகள். 1973-ல் பிறந்த ஒரு குழந்தை ஓட்டுரிமை பெற்று, அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் காத்திருந்துதான் முதல் முறையாக கவுன்சிலருக்கு ஓட்டு போட முடிந்தது. அந்தத் தேர்தலில் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

இரண்டாவது இடைவெளி: 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலை, பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அப்போதிருந்த மன்றத்தின் காலமும் அந்த மாதமே முடிந்தது. பிறகு தேர்தல் தள்ளித் தள்ளிப் போய், 2022 பிப்ரவரி 19-ல்தான் ஓட்டுப்பதிவு நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக அதிகாரிகளே நகரை நடத்தினார்கள்.

உள்ளாட்சி மன்றத்தின் ஆயுள் ஐந்து ஆண்டு, அதற்கு மேல் இல்லை என்று சாசனத்தின் 243-யு பிரிவு சொல்கிறது. காலம் முடிவதற்குள் புதிய தேர்தலை முடித்திருக்க வேண்டும். கலைக்கப்பட்டால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடக்க வேண்டும். விதி தெளிவாக இருந்தும் இடைவெளி விழுந்தது. எம்.எல்.ஏ. தேர்தல் ஐந்து ஆண்டு தள்ளிப்போனால் நாடே கொதிக்கும். கவுன்சிலர் தேர்தல் தள்ளிப்போனபோது நகரம் அவ்வளவாகக் கொதிக்கவில்லை. அது மக்களும் யோசிக்க வேண்டிய இடம்.

2022-ல் அமைந்த மன்றத்துக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு என்று 2016-ல் சட்டத் திருத்தம் வந்தது. அதன்படி சென்னையில் நடந்த முதல் தேர்தல் அது. தாரா செரியன், காமாட்சி ஜெயராமனுக்கு அடுத்து, மூன்றாவது பெண் மேயராக ஆர். பிரியா 2022 மார்ச் 4-ல் பதவியேற்றார்.

77 எங்கே, 43 எங்கே?

2017 டிசம்பர் 21-ல் நடந்த ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் பதிவான ஓட்டு சுமார் 77 சதவீதம். 2022 உள்ளாட்சித் தேர்தலில் சென்னை மாநகராட்சியில் பதிவானது சுமார் 43 சதவீதம்தான். மாநிலத்தின் சராசரி 60 சதவீதத்தைத் தாண்டியபோதும் தலைநகரம் பின்னாலேயே நின்றது.

கோட்டைக்குப் போகிறவரைத் தேர்ந்தெடுக்க வரிசையில் நிற்பவர்கள், தெரு விளக்குக்குப் பொறுப்பானவரைத் தேர்ந்தெடுக்க வருவதில்லை. அப்புறம் தெரு விளக்கு எரியவில்லை என்பதுதான் முதல் புகார்.

ஆர்.கே. நகர் இன்னொரு பாடமும் கொடுத்தது. முதலமைச்சர் ஜெயலலிதா 2016 டிசம்பர் 5-ல் மறைந்ததால் தொகுதி காலியானது. 2017 ஏப்ரல் 12-ல் ஓட்டுப்பதிவு என்று அறிவித்தார்கள். வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டது தொடர்பாக ஆவணங்கள் வருமான வரித் துறைச் சோதனையில் சிக்கியதாகத் தகவல் வெளியானது. ஏப்ரல் 9 இரவு தேர்தல் ஆணையம் தேர்தலையே ரத்து செய்தது. சாசனத்தின் 324-வது பிரிவு தரும் அதிகாரத்தை ஆணையம் பயன்படுத்தியது. தொகுதி மக்களுக்கு எம்.எல்.ஏ. கிடைக்க மேலும் எட்டு மாதம் ஆனது. டிசம்பரில் சுயேச்சையாக பிரஷர் குக்கர் சின்னத்தில் நின்ற டி.டி.வி. தினகரன் 40,707 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

ஓட்டுக்குப் பணம் கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம். ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம். "எல்லாரும் வாங்குறாங்க, நான் வாங்கினா என்ன?" என்ற பேச்சு சகஜம். ஆனால் காசு வாங்கியவர் பிறகு ஐந்து ஆண்டுகளுக்கு எந்த முகத்தோடு சாக்கடையைப் பற்றிக் கேட்பார் என்பதுதான் கேள்வி. ஓட்டு விற்றுப்போனால், கேள்வி கேட்கும் தைரியமும் சேர்ந்தே போகிறது.

18 வயது ஆனவர்கள் பெயர் சேர்க்க ஜனவரி 1 வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் இருக்கின்றன. படிவம் 6 கொடுத்தால் போதும். வீடு மாறியவர்களும் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். வாடகை வீடு அடிக்கடி மாறும் வடசென்னையில் பலரின் ஓட்டு பழைய முகவரியிலேயே தங்கிவிடுகிறது.

கிராமத்துக்கு கிராம சபை, நகரத்துக்கு?

கிராமத்தில் குடியரசு தினம், தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, உள்ளாட்சிகள் தினம் என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லாரும் உறுப்பினர். வரவு செலவைக் கேட்கலாம், தீர்மானம் போடலாம். நகரத்தில் வாழும் ஒருவருக்கு பல ஆண்டுகளாக இப்படி எதுவும் இல்லை.

2022-ல் தமிழ்நாடு அரசு வார்டு குழு மற்றும் பகுதி சபை விதிகளைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று, முதல் முறையாகப் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. தாம்பரம் மாநகராட்சிக்குட்பட்ட பம்மலில் நடந்த கூட்டத்தில் அப்போதைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்டார்.

இது எப்படி வேலை செய்கிறது? சென்னையில் ஒவ்வொரு வார்டும் 10 பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. அந்தப் பகுதியின் வாக்காளர் ஒவ்வொருவரும் பகுதி சபை உறுப்பினர்தான். தனியாக விண்ணப்பம், சிபாரிசு எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பிரதிநிதி இருப்பார். கவுன்சிலர் தலைமையில் இந்தப் பிரதிநிதிகள் சேர்ந்ததுதான் வார்டு குழு. எங்கே விளக்கு வேண்டும், எந்தத் தெருவில் குழாய் வரவில்லை, எந்த வேலைக்கு முன்னுரிமை என்று பகுதி சபை சொல்லலாம். வார்டு குழு அதை மாநகராட்சிக்குக் கொண்டு போகும்.

இதன் எல்லையும் தெரிய வேண்டும். பகுதி சபையின் பிரதிநிதியை மக்கள் ஓட்டு போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. நியமனம்தான். அதனால் ஆளுங்கட்சிக்காரர்களே உட்கார்ந்துவிட வாய்ப்பு இருக்கிறது என்ற விமர்சனம் தொடக்கத்திலிருந்தே உண்டு. எல்லா வார்டிலும் கூட்டம் ஒரே ஒழுங்கில் நடப்பதில்லை என்ற குறையும் உண்டு. ஆனாலும் "எங்க பகுதி சபைக் கூட்டம் எப்போ?" என்று கவுன்சிலரிடம் கேட்பதற்கு இப்போது சட்ட அடிப்படை இருக்கிறது. பத்துப் பேர் கேட்டால் தட்டிக் கழிக்கலாம். நூறு பேர் கேட்டால் கஷ்டம்.

10 ரூபாயில் ஒரு ஆயுதம்

தெருவில் போன வருஷம்தான் வடிகால் கட்டினார்கள். இந்த வருஷமும் தண்ணீர் நிற்கிறது. எவ்வளவு செலவானது, யார் கான்ட்ராக்ட் எடுத்தார், எவ்வளவு ஆழம் தோண்டியதாகக் கணக்கு? இதையெல்லாம் சண்டை போடாமலே கேட்க முடியும்.

2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட 10 ரூபாய்தான் கட்டணம். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. ஏன் கேட்கிறாய் என்று அதிகாரி கேட்கக் கூடாது. 30 நாளில் பதில் வர வேண்டும். உயிருக்கோ சுதந்திரத்துக்கோ சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரம். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அதே துறையில் மேல் அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு. அதற்குப் பிறகு மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாவது மேல்முறையீடு.

கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பது முக்கியம். "ஏன் வேலை சரியில்லை?" என்று கேட்டால் பதில் வராது. அது கருத்து. "இந்தத் தெருவில் இந்த ஆண்டு நடந்த வடிகால் பணியின் மதிப்பீட்டு நகல், பில் நகல், பணி முடிந்ததற்கான சான்று நகல் வேண்டும்" என்று கேட்டால் காகிதம் கொடுத்தாக வேண்டும்.

தொழிற்சாலை, துறைமுகம் வரும்போது பேசும் உரிமை

எண்ணூர் முதல் ராயபுரம் வரை வாழ்பவர்களுக்கு அரசு என்றால் ரேஷனும் சாக்கடையும் மட்டுமல்ல. பக்கத்தில் எந்த ஆலை வருகிறது, எந்தத் துறைமுகம் விரிகிறது என்பதும் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. அந்த இடத்தில் மக்கள் பேச ஒரு வழி இருக்கிறது. அதுதான் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்.

2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பெரிய திட்டங்கள் பலவற்றுக்கு இந்தக் கூட்டம் கட்டாயம். 30 நாள் முன்பே பத்திரிகையில் அறிவிக்க வேண்டும். கலெக்டரோ அவர் அனுப்பும் மூத்த அதிகாரியோ தலைமை ஏற்க வேண்டும். மொத்தமும் வீடியோ பதிவாக வேண்டும். சம்பந்தப்பட்ட பகுதியில் வாழும் யார் வேண்டுமானாலும் பேசலாம். நேரில் வர முடியாதவர்கள் எழுதியும் அனுப்பலாம்.

காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு 2021 ஜனவரி 22-ல் அறிவித்த கூட்டம் கொரோனாவைக் காரணம் காட்டித் தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5 என்று மறுபடி அறிவித்த கூட்டமும் நடக்காமல் போனது. மீனவ கிராமங்கள் தொடங்கி நகரத்து இளைஞர்கள் வரை எழுப்பிய எதிர்ப்பு இரண்டு முறையும் பெரிதாக இருந்தது. கூட்டத்தில் எல்லாரும் வேண்டாம் என்று சொன்னால் திட்டம் தானாக நின்றுவிடாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அது வாக்கெடுப்பு அல்ல. ஆனால் அங்கே சொன்னது பதிவாகிறது. பிறகு பசுமைத் தீர்ப்பாயத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போகும்போது அந்தப் பதிவுதான் கையில் இருக்கும் ஆதாரம்.

தெருவில் கூடுவதும் உரிமைதான்

மனு, தேர்தல், கூட்டம் எல்லாம் போதாது என்று தோன்றும்போது மக்கள் தெருவுக்கு வருகிறார்கள். வண்ணாரப்பேட்டை அதையும் பார்த்திருக்கிறது. குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக 2020 பிப்ரவரி 14-ல் இங்கே தொடங்கிய போராட்டத்தில் போலீஸ் தடியடி நடத்தியது தமிழகம் முழுக்கப் பேசப்பட்டது. பெண்கள் முன்னால் உட்கார்ந்து நடத்திய அந்தத் தொடர் போராட்டம், மார்ச்சில் கொரோனா பரவலால் நிறுத்திவைக்கப்பட்டது.

ஆயுதம் இல்லாமல் அமைதியாகக் கூடுவது சாசனத்தின் 19-வது பிரிவு தரும் உரிமை. அதற்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்கவும் அதே பிரிவு இடம் தருகிறது. டெல்லி ஷாகீன் பாக் வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், போராடும் உரிமை உண்டு, ஆனால் பொதுப் பாதையைக் காலவரையின்றி மறிக்க முடியாது என்றது. சென்னையில் கூட்டம், ஊர்வலம் நடத்த ஐந்து நாள் முன்பே போலீஸிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பது மாநகரக் காவல் சட்டத்தின் விதி.

சரி, நாளைக்கே என்ன செய்யலாம்?

முதலில் பிரச்சினை யாருடையது என்று பிரித்துப் பாருங்கள். நாற்றம் அடிக்கும் கழிவுநீர், மூடி இல்லாத மேன்ஹோல், குழாயில் கலங்கல் தண்ணீர் என்றால் மெட்ரோ வாட்டர்: 044-4567 4567. குப்பை, தெரு விளக்கு, மழைநீர் வடிகால், கொசு என்றால் மாநகராட்சி: 1913. கரண்ட் என்றால் மின்னகம்: 94987 94987.

எது என்றே புரியவில்லையா? இரண்டு இடத்திலும் புகார் கொடுத்துவிடுங்கள். எந்த வேலை எங்களுடையது அல்ல என்று சொல்ல வேண்டிய பொறுப்பு அவர்களுடையது.

புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். எண் இல்லாத புகார் காற்றில் சொன்ன பேச்சு. தேதியும் நேரமும் தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். ஒரே புகாரைத் தெருவில் பத்து வீடுகள் தனித்தனியாகக் கொடுத்தால் பத்துப் பதிவாகும்.

வேலை நடக்கவில்லை என்றால் புகார் எண்ணோடு கவுன்சிலரைப் பாருங்கள். அவருக்கு அதிகாரம் இல்லாத துறையாக இருந்தாலும், மாமன்றத்தில் அதைப் பற்றிப் பேச அவருக்கு இடம் இருக்கிறது. மாநில வாரியம் சம்பந்தப்பட்டது என்றால் எம்.எல்.ஏ.விடம் எழுத்தில் மனு கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். சட்டமன்றத்தில் அமைச்சரிடம் கேள்வி கேட்கக்கூடியவர் அவர்தான். ராஜாஜி சாலையில் இருக்கும் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளிலும் மனு கொடுக்கலாம்.

ஓட்டு போடுவது ஐந்து வருஷத்துக்கு ஒரு நாள் வேலை. மீதி 1,800 நாளுக்கு மேல் இருக்கிறது. அந்த நாட்களில் யார் கேட்கிறார்கள், யார் சும்மா இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அதிகாரிகளும் பிரதிநிதிகளும் எந்தத் தெருவுக்கு முதலில் போவது என்று முடிவு செய்கிறார்கள். கேட்கிற தெருவுக்குத்தான் வண்டி முதலில் வரும்.